பங்குனி ஆமையும் தடைக்கால நாள்காட்டியும்

தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையேறி முட்டையிடும் சிற்றாமைக்குப் பங்குனி ஆமை என்றே பெயர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளதால், புலிக்கு உள்ள காப்பு இதற்கும் உண்டு. ஆனால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை இதற்கு மணல் அரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைப்பட்டு மெரினாவாக விரிய, திருவொற்றியூர் தன் கரையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கருங்கல் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியது.

மணல் எஞ்சிய தென்கரையில் ஆமை முட்டைகளைக் காக்க 1970களில் தொடங்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே தொடர்கிறது. நடப்பவர்கள் தேடுவது ஆமையை அன்று, தடத்தை. இடத்துடுப்பும் வலத்துடுப்பும் மாறிமாறி ஊன்றிய சுவடு மேட்டில் கலைந்து கிடக்குமிடத்தில் குச்சியை மெல்லச் செருகினால், இறுகிய மணலில் முரண்டு பிடிக்கும் அது, முட்டைக்குழியின் கழுத்தில் சட்டென இறங்கிவிடும். நூற்றுக்குமேல் இருக்கும் முட்டைகளைக் கையால் தோண்டியெடுத்து, நாய்க்கும் தெருவிளக்குக்கும் எட்டாத பொரிப்பகத்தில் பானை வடிவக் குழியில் வைக்கிறார்கள். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியபின் முட்டையைப் புரட்டினால் அது மடிந்துபோகும் என்பதால், எல்லாம் சில மணி நேரத்துக்குள் முடியவேண்டும். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். மணல் சூடானால் பெண் குஞ்சுகளும் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகளும் மிகும்.

கரையில் இத்தனை கவனம் இருந்தும், கடலில் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதையடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, மணிக்கணக்கில் இழுக்கப்படும் விசைப்படகு மடிவலைக்குள் சிக்கினால் மேலே வர வழியின்றி மூழ்கிச் சாகும். வலைக்குள் சாய்வாகக் கம்பித் தடுப்பைப் பொருத்தினால் மீனும் இறாலும் கம்பிகளின் இடைவெளி வழியே மடிக்குள் போக, ஆமை மேல்வாயில் வழியே வெளியேறிவிடும். அதனுடன் மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் வாதம், டீசல் விலையை அறிந்தவர்களால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கிடையில் கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன்களின் இனப்பெருக்கத்தை எண்ணி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என வகுக்கப்பட்டுள்ளது; சித்திரை பிறந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரமிடும் அந்த நாளில், பொரிப்பகங்களில் கடைசிக் குழிகள் வெடித்துக்கொண்டிருக்க, தாயாமைகளில் பெரும்பாலானவை கரையை விட்டுப் போயிருக்கும்.