1855-ம் வருஷப் பாட்டிக்கு வியாசர்பாடி கைவைத்தியம்!

தீம் பார்க்கில் குட்டி ரயில் ஏறியிருப்பீர்கள். கறுப்பு பெயின்ட் அடித்த எஞ்சின், தலையில் ஒரு புகைபோக்கி, பித்தளை மணி, 'கூ...' என்று ஒரு டேப் சத்தம். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு டீசல் மோட்டார், கல்யாண மண்டப ஜெனரேட்டர் மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். (புகை வருகிறதே என்பீர்கள். டீசலுக்குப் புகை வராதா சார்?)

அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட்காரர்கள் இந்த டூப் வேலை செய்யவில்லை. 1955-ல் பார்க் திறந்த நாளிலிருந்து அங்கே நிஜ நீராவி எஞ்சின்தான். சுமார் 2 கிலோமீட்டர் வட்டம். வால்ட் டிஸ்னிக்கு ரயில் என்றால் உயிர்; வீட்டுக் கொல்லையிலேயே ஒரு குட்டி ரயில் ஓட்டியவர். அந்த எஞ்சின்களை 2007-ல் பயோடீசலுக்கு மாற்றினார்கள். 2009 முதல், அந்தப் பார்க் சமையலறைகளில் பொரித்து முடித்த எண்ணெயையே சுத்திகரித்து ஊற்ற ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் பஜ்ஜிக் கடை எண்ணெயை நினைத்துப் பார்த்தேன். ஒரு கடை எண்ணெயில் சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வரை போகலாம் போலிருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றால், நான் இருப்பது வியாசர்பாடி. பேசின் பிரிட்ஜுக்கும் பெரம்பூருக்கும் நடுவில் 'வியாசர்பாடி ஜீவா' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அங்கே ஏறி இறங்குகிற ஆயிரக்கணக்கான டிபன் பாக்ஸ்களில் ஒன்று என்னுடையது. இந்தியாவின் ரொம்பப் பழைய நீராவி எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்த இடம் எங்கள் பக்கத்து பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். கேட்டால் 'லோகோல இருந்தேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இரண்டு எஞ்சின்கள். இரண்டும் 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் தாம்சன் ஹியூவிட்சன் கம்பெனி செய்தவை. ஈஸ்ட் இண்டியன் ரயில்வே 21, 22 என்று அடுத்தடுத்த நம்பர். நமது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1. ஸ்டேஷனைவிட எஞ்சின்கள் ஒரு வயசு மூத்தவை!

22-ம் நம்பர்தான் 'ஃபேரி குயின்'. 26 டன் எடை, 130 குதிரைசக்தி. 1909-ல் ரிட்டையர் ஆகி ஹவுராவில் காட்சிப் பொருளாக நின்றது. பிறகு டெல்லி ரயில் மியூசியம். 1997-ல் பெரம்பூரில்தான் அதைச் சரிபார்த்து ஓடவைத்தார்கள். அடுத்த வருஷமே, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களில் உலகத்திலேயே பழையது என்று கின்னஸ் சர்டிபிகேட். 2011-ல் டெல்லியில் எவனோ பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். (பித்தளை விலை அப்படி.) மறுபடியும் பெரம்பூர் வைத்தியம்தான்.

21-ம் நம்பருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் பொம்மையாக நின்றதை பெரம்பூருக்குக் கொண்டுவந்து 2010-ல் எழுப்பினார்கள். நூறு வருஷம் படுத்திருந்த பாட்டியை எழுப்பி ஓட்டப்பந்தயத்தில் விடுகிற வேலை அது. ஸ்பேர் பார்ட் எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டையிலா? தேவையானதை வார்த்து, கடைந்து, கையால் செய்துதான் ஆகவேண்டும். அதுவும் டீசல், எலெக்ட்ரிக் எஞ்சின்களுக்கு மாறிவிட்ட ஒரு பட்டறையில்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர். கரி எஞ்சின் காலத்து பாய்லர் ஃபிட்டர். டீக்கடை பெஞ்சில் பிடித்துக்கொண்டேன்.

''ஏன் சார், இதுல அப்படி என்ன கஷ்டம்? தண்ணி, நெருப்பு, அவ்ளோதானே?''

''இன்னா தம்பி, அவ்ளோதான்னு சொல்லிட்டே! ஒரு லிட்டர் தண்ணி ஆவியாச்சுன்னா ஆயிரத்து அறுநூறு லிட்டர் இடம் கேக்கும். அத்த இரும்புல அடைச்சு வெச்சிருக்கோம். பாய்லர்ன்றது சும்மா இல்ல, உக்காந்திருக்கிற வெடிகுண்டு.''

அப்புறம் அவர் டீ டம்ளரையே பாய்லராக்கி எனக்குப் பாடம் நடத்தினார். அடுப்புக்கு மேலே இருக்கிற தகடு எப்போதும் தண்ணீருக்குள் முழுகி இருக்கவேண்டும். தண்ணீர் இறங்கி அந்தத் தகடு வெறுமனே காய்ந்தால் பழுத்து, இளகி, அழுத்தம் தாங்காமல் பிய்த்துக்கொள்ளும். அதனால் அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகை மாட்டியிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகும். அந்த ஓட்டை வழியாக நீராவி அடுப்பில் சீறி எச்சரிக்கும். காசு பெறாத ஒரு துண்டு ஈயம், டிரைவரின் உயிருக்கு கியாரண்டி.

அடுத்த வில்லன் உப்புத் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படியுமே, அதே சமாசாரம் பாய்லர் குழாய்களிலும் படியும். சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்பு தனியாகக் காயும், கரி வீணாகும். அதனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவை பாய்லரை ஆறவிட்டு, அடைப்புகளைக் கழற்றி, குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவவேண்டும். ஆறவிடுவதும் மெதுவாக, சூடேற்றுவதும் மெதுவாக. அவசரப்பட்டால் தகடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் விரிந்து, மூட்டுகள் ஒழுக ஆரம்பிக்கும். காலை பத்து மணி ஓட்டத்துக்கு ராத்திரியே அடுப்பு மூட்டவேண்டும்.

''பாய்லர் நல்லாருக்கா இல்லையான்னு எப்படி சார் தெரியும்?''

''பச்சத் தண்ணி ரொப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலயே பம்ப் அடிப்போம். ஆவி வெச்சு டெஸ்ட் பண்ணா, வெடிச்சா ஆளு காலி. தண்ணி சுருங்காது, விரியாது. ஓட்ட இருந்தா ஒழுகும், அவ்ளோதான். ஒவ்வொரு ஸ்டேயையும் சுத்தியால தட்டிப் பாப்போம். உடைஞ்சிருந்தா சத்தம் மாறும். அது காதுக்குத்தான் தெரியும்.''

அந்தக் காதுதான் விஷயம். அந்தக் காதுகள் ஒவ்வொன்றாக பென்ஷன் வாங்கிப் போய்விட்டன.

இப்போது சண்டை விஷயத்துக்கு வருகிறேன். பழைய எஞ்சினைப் புதுசு பண்ணலாமா? பெரம்பூர் பாட்டிக்கு காற்று பிரேக்கும் மின்சார விளக்கும் கொடுத்தார்கள். 'ஒரிஜினல் போச்சே' என்று அங்கலாய்க்கிற ரசிகர்கள் உண்டு. என் கட்சி வேறு. இன்றைய சிக்னல்களுக்கு நடுவே, பின்னால் பயணிகளை வைத்துக்கொண்டு ஓடவேண்டிய வண்டிக்கு 1855 பிரேக்கே போதும் என்கிறவர், தானே முதலில் ஏறி உட்காரட்டும்.

நீலகிரியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிற செங்குத்து. நடுவில் பல் தண்டவாளம். எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. 1914 முதல் வந்தவை. கரியில் தொல்லை. வெயில் காலத்தில் பொறி பறந்தால் காடு பற்றும். கரி மட்டமாக இருந்தால் நடுமலையில் ஆவி குறைந்து வண்டி மூச்சு வாங்கும். அதனால் சில எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். 2011 முதல் திருச்சி பொன்மலைப் பட்டறையில் எண்ணெயில் எரிகிற புது எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களையே செய்தார்கள். அதே பொன்மலை 2021-ல் கரியில் ஓடுவதாகவும் ஒன்றைச் செய்தது. அது யார் ஆசைக்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் கரிப்புகை பிடிக்கும்!

அதே விண்டர்தூர்க்காரர்கள் 1992-ல் பிரியன்ஸ் ரோத்ஹார்ன் மலை ரயிலுக்குப் புத்தம்புது நீராவி எஞ்சின் செய்தார்கள். எண்ணெய் அடுப்பு, ராத்திரி மின்சாரத்தில் பாய்லர் தானே சூடாகும், ஓட்ட ஒரே ஆள். பெரியவரிடம் சொன்னேன். ''ஃபயர்மேன் வேணாமா? அப்ப வழியில யார்கூட பேசறது?'' என்றார்.

எனக்கு ஒரே ஒரு கோபம். 2010 ஆகஸ்ட் 15 அன்று 'எக்ஸ்பிரஸ்' சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போயாகவேண்டும், வேறு பாதை கிடையாது. பின்னாளில் எழும்பூர் - கோடம்பாக்கம் என்று ஓட்டினார்கள். டிக்கெட் 500 ரூபாய். 2019-ல் எர்ணாகுளத்துக்குக்கூடப் போய் ஓடிவிட்டு வந்தது. சரிதான். ஆனால் செய்தவர்கள் வடசென்னை, சவாரி தென்சென்னைக்கா? ராயபுரம் ஸ்டேஷன் சும்மாதானே நிற்கிறது? அங்கிருந்து பேசின் பிரிட்ஜ் வரை மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் என்ன? பையன்களுக்கு அம்பது ரூபாய் டிக்கெட் போட்டால், கொருக்குப்பேட்டையிலிருந்தே க்யூ நிற்கும். லோகோவில் பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கும் சுத்தியல் சத்தம் கேட்டுப் பழக ஒரு பாய்லர் கிடைக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்போதே கிடைக்கவேண்டும். பெரியவருக்கு இப்போதே ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.

அப்படி ஒரு நாள் ஓடினால் ஒரு யோசனை: எஞ்சினுக்கு அடுத்த பெட்டி, ஜன்னல் ஓரம். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.