பாத்திர ஆட்டத்திற்கு விரிப்பும் காயும்

ஒரு மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துகின்றார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கின்றது என்பதை வாயினாற் கூறுகின்றனர். செய்கை பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்க்கின்றது. இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியாகிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளியாயிற்று. அதனை இயற்றியோர் கெரி கைகக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர். மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டி; விலை 10 டொலர். பெட்டிக்குள் விரிப்போ காய்களோ இருக்கவில்லை. பதுமைகள் கண்ணுக்கு அழகு தருமேயன்றி ஆட்டத்துக்கு இன்றியமையாதன அல்ல என்று அந்நூலே கூறிற்று.

இன்றோ நிலைமை வேறு. இவ்வாட்டப் பொருள்களை விற்கும் கடையொன்றினுள் நுழையும் புதியவர், வர்ணம் தீட்டிய பதுமைகளையும், குகையும் காடும் அச்சிட்ட விரிப்புகளையும் கண்டு மலைத்துப்போகின்றார். இவையெல்லாம் இருந்தாற்றான் ஆடலாம் போலும் என்றெண்ணி, விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவோரும் உளர். அவர்கள் இழப்பது பதுமையை மட்டுமன்று. ஓர் ஆட்டத்தையும், அதனோடு கிடைத்திருக்கக்கூடிய நண்பர் கூட்டத்தையும் இழக்கின்றனர். ஆதலின் விரிப்பும் காயும் உண்மையில் எதற்காக என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நன்று.

கதை சண்டைக் கட்டத்தை அடையும்போதுதான் இவற்றின் தேவை எழுகின்றது. "நான் தூணுக்குப் பின்னாலல்லவோ நின்றேன்" என்பார் ஒருவர். "இல்லை, நீர் வாசலிலே நின்றீர்" என்பார் ஆட்டத்தை நடத்துபவர். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் மனத்திலும் இருவேறு மண்டபங்கள் இருக்கின்றன, அவ்வளவே. இந்த வழக்குக்கு விரிப்பே சாட்சி. யார் எங்கே நிற்கின்றார், இருவருக்கிடையே எத்தனை அடி தூரம் என்பனவற்றை அது எல்லோருக்கும் பொதுவாகக் காட்டுகின்றது. சாட்சிக்குப் பட்டாடை வேண்டியதில்லை. தெளிவாகப் பேசினாற் போதும்.

இவ்வாட்டத்தின் மூதாதை எனத்தக்க பிரசிய நாட்டுப் போர்ப்பயிற்சி ஆட்டத்தின் வரலாறும் இதற்கு ஒத்ததே. 1812இல் றைஸ்விட்ஸ் என்னும் பிரபு, ஆறும் குன்றும் புடைத்துத் தோன்றும் சதுரத் தகடுகளை மாற்றிமாற்றி அடுக்கத்தக்க பெரிய மேசையொன்றைச் செய்து மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு அளித்தார். அரண்மனைக்கு அது அழகுதான். ஆயின் அத்தகைய மேசை எத்தனை படைமுகாம்களுக்குக் கிடைக்கும்? 1824இல் அவருடைய மகன் அதே ஆட்டத்தைக் கடதாசி வரைபடத்துக்கும் ஈயக் கட்டைகளுக்கும் ஏற்பத் திருத்தி வெளியிட்டார். அதன் பின்னரே அது பிரசியப் படைக்குள் பரவிற்று.

கைகக்ஸ் குழுவினரும் மலிவுப் பொருளை இகழ்ந்தவர் அல்லர். ஹொங்கொங்கில் வார்த்து, பையிலிட்டு விற்கப்பட்ட சில பிளாஸ்ரிக் விலங்குகள் அவர்கள் கைக்குக் கிடைத்தன. எந்த விலங்கென்று சொல்லவொண்ணாத கோலம். அவற்றைப் பார்த்தே ஆந்தைத் தலைக் கரடியையும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதத்தையும் கற்பித்து 1975இல் அச்சேற்றினர். மண்ணுக்குள் நீந்தும் சுறாப் போன்ற விலங்கு 1976இல் வந்தது. இன்று அதே பூதங்களைப் பதுமைகளாகச் செய்து நல்ல விலைக்கு விற்கின்றனர் என்பது வேடிக்கையே.

இனி அளவுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு முதல் நிலைபெற்ற வழக்கப்படி, ஓர் அங்குலச் சதுரக் கட்டம் ஐந்து அடி நிலத்தைக் குறிக்கும். ஒரு முறையில் மனிதன் 30 அடி, அதாவது ஆறு கட்டம் நடக்கலாம். 40 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள மண்டபத்துக்கு எட்டுக்கு ஆறு கட்டமே வேண்டும். அலுவலகங்களில் வழங்கும் ஏ-நான்கு தாளில் எட்டுக்குப் பதினொரு கட்டம் அடங்கும். ஆகவே ஒரு தாளிலேயே மண்டபம் முழுவதும் அடங்கிவிடும். பெரிய சண்டைக்கு இரண்டு தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். மேசை முழுவதையும் மூடும் விரிப்பை வாங்குவோர் அதன் பெரும்பகுதியைத் தேநீர்க் கோப்பை வைப்பதற்கே பயன்படுத்துகின்றனர்.

அடிக்கடி ஆடுவோர் எழுதி அழிக்கத்தக்க வினைல் விரிப்பொன்றை வாங்குவது வீண்செலவன்று. அது பல்லாண்டு உழைக்கும். காடோ குகையோ அச்சிட்டதைத் தவிர்த்து வெறுங் கட்டமுள்ளதைத் தெரிதல் வேண்டும். அச்சிட்ட குகை என்றும் குகையே. மையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வினைலுக்கு ஈரத்துணியால் அழியும் மையே ஏற்றது. வெண்பலகைப் பேனையால் எழுதினால் மை ஊறிக் கறையாகிவிடும். ஏற்ற மையாயினும் இரவு முழுவதும் விட்டுவைத்தலாகாது. சிவப்பு மை இதிற் பொல்லாதது. வாங்க இயலாதோர் கட்டம் வரைந்த தாளைப் படச்சட்டமொன்றின் கண்ணாடிக்குக் கீழே வைத்து, கண்ணாடிமேல் வெண்பலகைப் பேனையால் எழுதலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் அழிந்துவிடும்.

காய் ஓர் அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் முதல் விதி. அமெரிக்கரின் கால் டொலர் நாணயம் ஏறக்குறைய அதே அகலமாதலால் அங்கு பலர் அதனையே வைத்து ஆடுகின்றனர். சோடாப் போத்தல் மூடி கட்டத்தை மீறி அயற்கட்டத்தில் ஏறும். அதனை விலக்குவது நன்று. சட்டைப் பொத்தான், தடித்த அட்டையில் வெட்டிய வட்டம், படம் ஒட்டிய இரும்பு வாஷர் ஆகிய யாவும் தகும். வாஷர் பாரமுள்ளதாதலின் கைபட்டு நகர்வது குறைவு. குதிரை போன்ற பெரிய உருவத்துக்கு இரண்டு அங்குல வட்டமும், இராட்சதனுக்கு மூன்று அங்குல வட்டமும் வெட்டிக்கொள்ளலாம்.

அழகினும் முக்கியமானது அடையாளம். ஒரே வடிவான ஆறு பகைவர் நிற்கும்போது எவன் காயம்பட்டவன் என்பது மறந்துபோனால், விலையுயர்ந்த பதுமையும் உதவாது. காயின்மேல் 1, 2, 3 எனத் தடித்த இலக்கமிட்டால் அக்குழப்பம் இல்லை. நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. நிறம் பிரித்தறிய இயலாதவர் மேசையில் இருக்கக்கூடும். மயங்கியவன், நஞ்சுண்டவன் என்று காட்டுவதற்குப் பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தில் எஞ்சும் வளையத்தைக் காயின்மேல் இட்டால் அதுவே போதும்.

இவை யாவும் இல்லாமலும் ஆடலாம். 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பு கட்டங்களை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பகைவர் ஓரிருவராயின் வாய்ச்சொல்லே போதும். நாலைந்து பேராகும்போது தாளை விரிக்கலாம். சில மேசைகளில் பகைவருக்குப் பதிலாக இனிப்புகளை வைத்து, வீழ்த்தியவரே உண்ணலாம் என்று விதி செய்கின்றனர். செலவு குறைந்த முறைதான். ஆயின் சிறுவர் இருக்கும் இடத்தில், சண்டை தொடங்குமுன்னரே பகைப்படை பாதியாகிவிடுவதுண்டு.