ஈசி க்ளியர்தான்... மனையில் இருப்பவரிடம் பேசினீர்களா?

மந்தாரக்குப்பத்தில் மனை விலை விசாரிக்க வருபவர்களில் பலருடைய கதை ஒரே மாதிரிதான் இருக்கும். என்.எல்.சி-யில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடும்பம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த ஊரை விட்டுப் போகவும் மனசு வராது. பி.எஃப், கிராஜுவிட்டி எனக் கைக்கு வரும் பணம் அப்படியே மனையாக மாறும். கடலூர் - விருத்தாசலம் சாலையில், கடைத்தெருவும் பஸ் வசதியும் இருக்கும் மந்தாரக்குப்பம் அவர்கள் தேடும் இடங்களில் நிச்சயம் இருக்கும்.

புரோக்கர் சொல்லும் முதல் வார்த்தை, "ஈசி க்ளியர் சார்". பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது. ஆனால், ஈசி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில்தான் வாழ்நாள் சேமிப்பே அடங்கியிருக்கிறது.

வில்லங்கச் சான்றிதழ் என்பது, குறிப்பிட்ட சர்வே எண் மீது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். அவ்வளவுதான். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் காசு கட்டாமலேயே பார்க்கலாம். எளிதாகக் கிடைக்கிறது என்பதாலேயே, "நான் அதைப் பார்க்கவில்லை" என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடாது.

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 3-வது பிரிவிலேயே இதைப் பேசிவிடுகிறது. ஒரு விஷயம் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டாலோ, பெரும் அலட்சியமாக இருந்தாலோ, அது உங்களுக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வக்கீல்கள் இதை ‘கன்ஸ்ட்ரக்டிவ் நோட்டீஸ்’ என்பார்கள்.

பதிவான பத்திரம் விஷயத்தில் முன்பு குழப்பம் இருந்தது. பத்திரம் பதிவானாலே ஊருக்கெல்லாம் தெரிந்ததாக அர்த்தமா என்ற கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பதிவானது என்பதற்காக மட்டுமே அப்படிச் சொல்லிவிட முடியாது என்று 1920-ல் அங்கே தீர்ப்பானது. அதன்பின் 1929-ல் சட்டத்தையே திருத்தினார்கள். பதிவாகி, பதிவுப் புத்தகத்திலும் அட்டவணையிலும் முறையாக ஏறிய பத்திரம், பிறகு வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும். அதனால்தான் சர்வே எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். 112 என்ற எண் பிரிந்து 112/3பி ஆகியிருந்தால், இரண்டுக்கும் ஈசி போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டு ‘நில்’ என வந்தால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

1929 திருத்தத்தில் இன்னொரு வரியும் சேர்ந்தது. நம்மில் பலர் கோட்டைவிடுவது அங்கேதான். சொத்தில் யார் நேரடி அனுபவத்தில் இருக்கிறாரோ, அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும்.

ஒரு உதாரணம். வீட்டில் வாடகைக்கு ஒருவர் இருக்கிறார். "மூணு மாசத்துல காலி பண்ணிடுவார்" என்கிறார் ஓனர். நீங்களும் கிரயம் முடித்துவிடுகிறீர்கள். பிறகுதான் தெரிகிறது, அதே வீட்டை வாங்க அந்த வாடகைதாரர் ஏற்கெனவே ஓனரோடு ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸும் கொடுத்திருக்கிறார். இதே மாதிரி ஒரு வழக்கு தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.கே.முகமது உபைதுல்லா வழக்கில் 2000-ல் வந்த தீர்ப்பு சொன்னது இதுதான்: வாடகைதாரர் அங்கே இருப்பது தெரிந்தும், எந்த உரிமையில் இருக்கிறார் என்று அவரிடம் கேட்காமல் வாங்கியவர், ஒப்பந்தம் பற்றித் தெரியாது என்று தப்பிக்க முடியாது.

ஓனரிடம் கேட்டால் போதாதா? போதாது. விற்க நினைப்பவர் தனக்கு எதிரான விஷயத்தைத் தானே ஏன் சொல்லப் போகிறார்?

ஈசியில் வராதவை

உயில் ஈசியில் வராது. பதிவு செய்த உயிலும் வராது. சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகத்தில் ஏறும். உயில்கள் ஏறுவது 3-ம் புத்தகத்தில். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையும் ஈசியில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கையும் ஈசியை நம்பித் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால், வழக்கு நடக்கும்போது வாங்கினால், 52-வது பிரிவின்படி அதன் முடிவு உங்களையும் கட்டுப்படுத்தும். தெரிந்து வாங்கினீர்களா, தெரியாமல் வாங்கினீர்களா என்ற கேள்வியே அங்கே இல்லை.

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்துக்கென்றே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: நில எடுப்பு.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே மேல்வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கிய காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகத் தோண்டினார்கள். 2006 முதல் 2013-க்குள்ளேயே எடுக்கப்பட்ட நிலம் இது என்றது என்.எல்.சி. அதன் பிறகும் விவசாயிகள் அங்கே பயிர் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். பயிர் வைத்தவர்களின் கண்ணீரும் கோபமும் நியாயமானவை. அது தனியே பேச வேண்டிய விஷயம். மனை வாங்கப் போகிறவர் இதில் கவனிக்க வேண்டியது வேறு: வயல் ஒன்று சொன்னது, ரெக்கார்டு வேறொன்று சொன்னது.

தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டப்படி, அரசிதழில் அறிவிப்பு வெளியான தேதியிலேயே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குச் சேர்ந்துவிடும். கிரயப் பத்திரம் மாதிரி யாரும் வந்து கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்வதில்லை. அதனால் ஈசி ‘க்ளியர்’ என்று காட்டினாலும் நிலம் கைமாறியிருக்க வாய்ப்புண்டு. அரசிதழை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால், சட்டத்தின் பார்வையில் அது ஊரறிந்த அறிவிப்பு. பழைய 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் அறிவிப்பு வந்த பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு எந்த உரிமையும் போய்ச் சேராது என்று, சிவ்குமார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எனவே, மந்தாரக்குப்பம் பக்கம் மனை பார்ப்பவர்கள் டிஎன்ரெஜிநெட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தாலுகா அலுவலகத்துக்கும் நில எடுப்பு தனி தாசில்தார் அலுவலகத்துக்கும் போய், சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்து, ‘நில எடுப்பில் வருகிறதா’ என்று எழுத்து மூலம் கேளுங்கள். அ-பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் பெயரை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு வழக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். உயில் பற்றி வாரிசுகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்பதுதான் வழி.

பிறகு, புரோக்கர் இல்லாத நேரமாகப் பார்த்து மனைக்குப் போங்கள். அங்கே குடியிருப்பவரிடம், பயிர் வைத்திருப்பவரிடம், மாடு கட்டியிருப்பவரிடம் பேசுங்கள். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், யாருக்கு வாடகை அல்லது குத்தகை கொடுக்கிறீர்கள், இந்த இடத்தை வாங்கப் பேச்சு ஏதும் நடந்ததா? மூன்றே கேள்விகள். வாடகைதாரர் இருந்தால், தனக்கு வாடகை உரிமை தவிர வேறு எதுவும் இல்லை என்று அவரிடம் எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதை எழுதித் தர அவர் தயங்கினால், ஏன் என்று அன்றைக்கே உங்கள் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.