ஜவ்வாது மலையில் ஒரு ஏக்கர்: அது யாருடையது?

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பீமன் அருவியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். வழியில் தெரிகிற சாமைக் கொல்லை யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்த மலையில் குடியிருப்பவருக்கு அதுதான் பிழைப்பு. ‘மலையில ஏக்கர் மலிவா வருது’ என்று தரகர் சொல்லக் கேட்ட கீழ்நாட்டுக்காரருக்கோ அது போட்ட பணத்தின் கதை. இது இரண்டு பேருக்குமான விளக்கம்.

‘பாட்டன் காலத்திலிருந்து உழுகிறோம். நிலம் எங்களுடையது இல்லையா?’

நியாயப்படி உங்களுடையதுதான். ஆனால் அதைச் சொல்லக் காகிதம் வேண்டும். மலையின் பெரும்பகுதி காப்புக்காடு (அரசு எல்லை குறித்து, வெட்டவும் உழவும் தடை போட்ட காடு). 1882இல் வந்த சென்னை வனச் சட்டத்தின்படி எல்லைக்கல் நட்டபோது, மலைக்காரர்கள் உழுத கொல்லைகளும் கல்லுக்கு உள்ளே சிக்கிக்கொண்டன. அதன்பிறகு சொந்தக் கொல்லையிலேயே அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

நெடுங்காலம் வாழ்ந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தேயிலை மலைகளைப் பாருங்கள். திருநெல்வேலி மாஞ்சோலையில் 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரைப் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 2024இல் நிறுவனம் வேலையை நிறுத்தியபோது, தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலைக்கு வந்தன. நிலம் குத்தகை, வீடு கம்பெனியுடையது. அவர்கள் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

‘ஜவ்வாது மலையில் என்ன காகிதம் கிடைக்கும்?’

சாதாரணப் பட்டா சிலரிடம் இருக்கிறது. அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டாவும் உண்டு. காட்டு எல்லைக்குள் உழுகிறவருக்குக் கிடைப்பது வன உரிமைப் பட்டா. இது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி தரப்படுவது. மலையில் பலருக்குக் குழப்பம் இதில்தான் என்பதால் இதையே விரிவாகப் பார்ப்போம்.

‘எனக்குத் தகுதி உண்டா?’

நீங்கள் பட்டியல் பழங்குடியாக இருந்து, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் உழுதோ குடியிருந்தோ வந்தால் உண்டு. எவ்வளவு உழுகிறீர்களோ அவ்வளவுதான் கிடைக்கும். உச்ச அளவு 4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர். ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதை சொல்லும் மலைவாழ் தமிழர்) பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பட்டியலில் பழங்குடியாக இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து மலையாளிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. பழங்குடி அல்லாதவர் என்றால், அந்தத் தேதிக்கு முன் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அது எளிதல்ல.

‘படித்தவர் யாரும் வீட்டில் இல்லை. ஆதாரத்துக்கு எங்கே போவது?’

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விதிகள் இரண்டு ஆதாரம் கேட்கின்றன. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவை செல்லும். நீங்கள் போட்ட வரப்பும், கட்டிய குடிசையும், சமன் செய்த மேடும் ஆதாரம்தான். வனத்துறையின் பழைய பதிவுகளும் ஆதாரம். ஆகவே உங்கள் அப்பா எப்போதோ கட்டிய அபராதத்தின் ரசீது பெட்டியில் கிடந்தால் கிழித்துப் போடாதீர்கள். அந்த நிலத்தில் அவர் இருந்தார் என்று வனத்துறையே எழுதிக் கொடுத்த சாட்சி அது. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுத்தில் வாங்கினாலும் ஏற்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மனுவைக் கிராம சபை அமைத்த வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். படிவத்துக்குக் காசு கிடையாது. குழு நிலத்தைப் பார்க்கும், கிராம சபை தீர்மானம் போடும், பிறகு கோட்ட அளவிலான குழு, கடைசியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. இந்த விசாரணை முடியும் வரை உங்களை நிலத்தை விட்டு வெளியேற்றச் சட்டம் இடம் தரவில்லை.

‘கையில் வந்த காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?’

உங்கள் பெயர் இருக்கும். திருமணம் ஆனவர் என்றால் மனைவி பெயரும் கூட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பரப்பளவும் நான்கு எல்லையும் உங்கள் கொல்லையோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். அரை ஏக்கர் குறைந்திருந்தால் அன்றே சொல்வது நல்லது. மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர், ஆட்சியர் மூவரின் கையெழுத்தும் வேண்டும். அதிலேயே ஒரு வரி அச்சாகியிருக்கும்: வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது.

‘விற்க முடியாத பட்டா எதற்கு?’

இப்படிக் கேட்காதவர் இல்லை. மலையில் நிலம் கை மாறுவது பெரும்பாலும் அவசரத்தில்தான். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஒரு மழை தவறிய ஆண்டு. அந்த நேரத்தில் வருகிறவர் கேட்பதும் பாதி விலைக்குத்தான். போக்கியத்துக்கு (கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்க விடுவது) விட்டால் மீட்பதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். நிலம் போன குடும்பம் மேஸ்திரியின் (வெளியூர்க் கூலி வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர்) பின்னால் போகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். இந்த மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. பிழைப்புக்கு மலையை விட்டு இறங்குவது எவ்வளவு ஆபத்தாக முடியும் என்று இந்தப் பக்கத்து ஊர்கள் அறியும். ஆகவே விற்க முடியாது என்ற அந்த வரியை நான் குறையாக நினைக்கவில்லை. உங்கள் பேரனின் கொல்லையைக் காக்கிற வேலி அது.

போக்கியமும் மாற்றம்தான், அதுவும் செல்லாது. வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். அசல் பட்டாவை யாரிடமும் ஈடாகக் கொடுக்காதீர்கள்.

‘அப்படியானால் கடன்?’

நிலத்தை அடமானம் வைக்க முடியாதே தவிர, கடனே கிடையாது என்று அர்த்தமில்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியில் ‘அடமானம் வேண்டும்’ என்றால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

‘கொல்லை இல்லாதவர்களுக்கு?’

தேன், கடுக்காய், புளி என்று வழிவழியாகக் காட்டில் எடுத்துவந்த சிறு வனப் பொருள்கள் எடுப்பவருக்கே சொந்தம், விற்கவும் உரிமை உண்டு. மரம் இதில் சேராது.

‘நான் கீழ்நாட்டுக்காரன். பத்திரம் பதிந்து தருகிறேன் என்கிறார்களே?’

பதிவு ஆனதாலேயே உரிமை வந்துவிடாது. விற்கிறவருக்கு இல்லாத உரிமையைப் பத்திரம் உங்களுக்குத் தராது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதும் போதாது, பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் சிட்டாவையும் (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமப் பதிவேடு) பாருங்கள். காடு என்றோ ஒப்படை நிலம் என்றோ இருந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். நிபந்தனையை மீறி விற்ற ஒப்படை நிலத்தை அரசு திரும்ப எடுக்கலாம். அப்போது உங்கள் பணமும் போகும், ஒரு குடும்பத்தின் கொல்லையும் போகும்.

‘மனுவைத் தள்ளிவிட்டார்களே?’

வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. கிராம சபை தள்ளினால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிடலாம். கோட்டக் குழு தள்ளினால் இன்னொரு 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம். கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, முறையீட்டுக்கு ஒப்புகை ரசீது வாங்குங்கள்.