"இதுதான் கடைசி சிகரெட்!" சொன்னபடி நிஜமாகவே விட்டவர்கள் ஜெயித்தது எப்படி?

மானாம்பதி:-

"இதுதான் கடைசி சிகரெட். நாளையிலேர்ந்து தொட மாட்டேன்!"

இப்படிச் சத்தியம் செய்யாத புகைப்பிரியர் உண்டா? உத்திரமேரூர் தாலுகா மானாம்பதியில் பஸ்சுக்குக் காத்திருப்பவர் ஆனாலும் சரி, சென்னையில் ஆபீஸ் வாசலில் நிற்கும் குமாஸ்தா ஆனாலும் சரி, சொல்வது ஒன்றுதான். மறுநாள் காலை டீ கிளாஸ் கைக்கு வந்ததும் சத்தியம் காற்றில் பறந்து விடுகிறது!

ஆனாலும் நிஜமாகவே விட்டவர்கள் இருக்கிறார்கள். எப்படி விட்டார்கள்? இதோ 3 பேர் கதை.

காசு திருடிய சிறுவன்

ஒரு பையன். வயது 12 அல்லது 13 இருக்கும். சொந்தக்காரப் பையன் ஒருவனோடு சேர்ந்து சிகரெட் பழகினான். பெரியவர் குடித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கினார்கள். அது போதவில்லை. வேலைக்காரரின் காசைத் திருடி பீடி வாங்கினார்கள்.

எதற்கெடுத்தாலும் பெரியவர்களைக் கேட்க வேண்டி இருக்கிறதே என்று வெறுப்பு வந்தது. உயிரை விடவும் துணிந்தார்கள். கோவிலுக்குப் போனார்கள். கடைசி நேரத்தில் தைரியம் வரவில்லை. திரும்பி விட்டார்கள்.

அதோடு பீடிக்காகக் காசு திருடுவதும் போச்சு, புகையும் போச்சு!

அந்தப் பையன் யார் தெரியுமா? மோகன்தாஸ் காந்தி! பிற்காலத்து மகாத்மா, தன் 'சத்திய சோதனை' நூலில் இதை ஒளிக்காமல் எழுதி இருக்கிறார்.

துப்புத் துலக்கிய டாக்டர்

இரண்டாமவர் லண்டன் டாக்டர் ரிச்சர்டு டால். அவரும் சிகரெட் பிடித்தவர்தான்.

இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று, பிராட்போர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணரோடு சேர்ந்து அவர் விசாரணையில் இறங்கினார். ரோட்டில் போடும் தார், கார் புகை ஆகியவற்றின் மேல்தான் முதலில் சந்தேகம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நோயாளிகளை விசாரித்தபோது, குற்றவாளி சிகரெட் என்று தெரிந்தது!

1950-ல் முடிவு வெளியானது. அதற்கு முன்பே டால் சிகரெட்டை விட்டு விட்டார். கண்ணால் கண்ட கணக்கே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1951-ல் தொடங்கி, ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் டாக்டர்களின் புகைப்பழக்கத்தை 50 ஆண்டுகள் கவனித்தார்கள். 2004-ல் வந்த முடிவு இது: விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 வருட ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50 வயதில் விட்டவருக்கு 6 வருடம். 40-ல் விட்டவருக்கு 9 வருடம். 30-ல் விட்டவருக்கு ஏறக்குறைய பத்தும்!

"இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போவுது?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுவே பதில்.

மாற்றிய மனைவி

மூன்றாமவர் நடிகர் ரஜினிகாந்த். சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்தே ரசிகர்களை மயக்கியவர். பஸ் கண்டக்டராக இருந்த காலத்திலேயே குடி, சிகரெட் என்று இருந்ததாகவும், மனைவி லதாவின் அன்பும் டாக்டர்களின் உதவியும்தான் தன்னை மாற்றியது என்றும் 2023 ஜனவரியில் சென்னையில் நடந்த 'சாருகேசி' நாடக விழா மேடையில் அவரே மனம் திறந்தார்.

ஆக, ஒருவரை விடவைத்தது வெட்கம். இன்னொருவரை அறிவு. மற்றவரை அன்பு. காரணம் எதுவானாலும் அது மனதில் தைக்க வேண்டும்!

முதல் 3 நாள் கண்டம்

விடுவது ஏன் கஷ்டம்? புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. டீ, சாப்பாடு, பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றோடும் அது முடிச்சுப் போட்டுக் கொள்கிறது.

நிறுத்திய முதல் 2, 3 நாள்தான் கண்டம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி கூடும். சில வாரங்களில் தணிந்து விடும். ஆசை கிளம்பினாலும் சில நிமிடம்தான் ஆட்டி வைக்கும். அந்த நேரத்தைத் தாண்டி விட்டால் ஜெயம்!

டாக்டர்கள் சொல்லும் யோசனைகள்:

ஒரு தேதி குறியுங்கள். வீட்டில் சொல்லி விடுங்கள். பாக்கெட், தீப்பெட்டி இரண்டையும் தூக்கி எறியுங்கள். டீக்கடைக் கூட்டாளிகளிடம் "எனக்கு நீட்டாதே" என்று சொல்லி வையுங்கள். ஆசை வந்தால் தண்ணீர் குடியுங்கள், ஏலக்காய் மெல்லுங்கள், நாலு எட்டு நடங்கள். நிகோடின் சூயிங்கம்மும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

தவறி ஒன்று பிடித்து விட்டாலும் "எல்லாம் போச்சு" என்று பாக்கெட் வாங்காதீர்கள். பல தடவை தோற்று ஜெயித்தவர்களே அதிகம்.

பேயும் பிசாசும்

"சிகரெட்டை விட்டுட்டேன், பீடிதான்" என்பவர்கள் உண்டு. பீடி ஒன்றும் இளைத்ததல்ல. "புகையிலைதான் போடறேன்" என்பது பேய்க்குப் பயந்து பிசாசைக் கட்டிக்கொண்ட கதை.

காஞ்சீபுரம் மண்ணின் மைந்தர் அறிஞர் அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. உணவுக்குழாய் புற்றுநோய்க்கு 1968-ல் அமெரிக்காவில் ஆபரேஷன் செய்து கொண்டார். 1969 பிப்ரவரி 3-ந்தேதி காலமானார். வயது 59தான். அவர் பெயரிலேயே காஞ்சீபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நோயாளியாகப் போவதை விட, இன்றே பழக்கத்தை விடுவது எளிது.

பாக்கெட்டில் இருக்கும் நம்பர்

பழக்கத்தை விட உதவி செய்ய மத்திய அரசின் இலவச போன் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். 2018 முதல் இந்த நம்பர் சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சாகிறது. பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை!

குறித்துக் கொள்ளுங்கள்: 1800-11-2356.

நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் புகையாகப் போனால், வருடத்துக்கு 36 ஆயிரத்து 500 ரூபாய். இந்த போனுக்கோ ஒரு காசு செலவு இல்லை. "நாளையிலேர்ந்து" என்பவர்கள், இன்று சாயங்காலமே அந்த நம்பரைச் சுழற்றலாமே!