உங்களுக்குத் தெரியுமா? 'கிளிக்' விழுந்தால்தான் ராட்டினம்!

தீம் பார்க்கில் "சார், நீங்க இறங்கிக்கோங்க" என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் எடை மெஷின் இல்லை! ஒரு பூட்டு! ஆமாம் திண்டுக்கல்காரர்களே, பூட்டேதான்! மடிமேல் இறங்கும் கம்பி குறித்த இடம் வரை வந்து 'கிளிக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் வண்டி நகராது. 90 கிலோ ஆசாமி மாட்டிக்கொண்டு முழிப்பார். 120 கிலோ ஆசாமி ஜம்மென்று ஏறிப் போவார்! தொடையில் சதையா, தொப்பையா, மார்பா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

நம்ம ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல்! அதில் மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று எத்தனையோ வகை. ரோலர் கோஸ்டர் பூட்டில் முக்கியமாக இரண்டே ஜாதி! ஒன்று பல்சக்கரம். ஒவ்வொரு பல்லாக 'கிளிக் கிளிக்' என்று இறங்கும். அரை விரற்கடை போதாவிட்டாலும் அடுத்த பல் விழாது, ஆட்டம் காலி! இன்னொன்று எண்ணெய் உருளை. எந்த இடத்திலும் நிற்கும். சத்தமே வராது! குண்டானவர்களுக்குத் தோது இந்த இரண்டாவதுதான்!

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலோ லாட்ஜிலோ லிஃப்டில் ஏறும்போது பலகையைப் படியுங்கள். '8 பேர், 544 கிலோ' என்று இருக்கும். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 68 கிலோ! அதுதான் லிஃப்ட் கணக்கில் இந்தியர்! அந்தக் கணக்குப்படி 136 கிலோ அண்ணன் ஒருவர் ஏறினால் இரண்டு பேர்!

பெல்ட் இல்லாமல், கம்பி இல்லாமல், எடை கேட்காமல் உங்களை மலையேற்றும் வண்டி நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது! பழநி விஞ்ச்! 1966-லிருந்து ஓடுகிறது! நீளப் பலகை, நெருக்கி உட்கார்ந்தால் முடிந்தது. 2004-ல் ரோப்காரும் வந்துவிட்டது. விஞ்சுக்கு சுமார் 8 நிமிடம், ரோப்காருக்கு சுமார் 3 நிமிடம். இரண்டுக்கும் வரிசையில் நிற்கும் நேரத்தை நான் சொல்லப் போவதில்லை. படியில் போனால் 693!

திருவிழா ராட்டினக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் பெட்டியில் ஆளை ஏற்றியதும் அடுத்த பெட்டியை நிரப்ப மாட்டார். சக்கரத்தைச் சுழற்றி எதிர்ப்பக்கப் பெட்டியைக் கீழே கொண்டுவருவார். ஏன்? பாரம் சமமாக இருந்தால்தான் சக்கரம் சீராகச் சுற்றும்! ஒரு பக்கம் குண்டு மாமா ஏறினால் எதிர்ப்பக்கம் இரண்டு பொடியன்கள் போதாது, நாலு பேர் வேண்டும்! உலகத்தில் குண்டானவரைத் தேடிப்பிடித்து உட்காரவைக்கும் ஒரே ராட்டினம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்!

உலகின் முதல் ராட்சத ராட்டினத்தில் ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் தெரியுமா? 60! சிகாகோ, 1893! ஜார்ஜ் ஃபெர்ரிஸ் கட்டியது. உயரம் 264 அடி, பெட்டிகள் 36. ஒரே நேரத்தில் 2,160 பேர்! ஒவ்வொரு பெட்டியும் ஒரு டவுன் பஸ் மாதிரி. இடுப்பளவை யார் கேட்டார்கள்!

ஒல்லியாக இருந்தால் ராட்டினம் பத்திரம் என்று நினைக்கிறீர்களா? தப்பு! இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இருக்கும் வண்டியில், கம்பி குண்டானவர் மடியில்தான் நிற்கும். பக்கத்தில் இருக்கும் ஒல்லிக்குச்சிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி! பறப்பது அவர்தான்! இப்போது பல பூங்காக்களில் ஆளுக்கொரு கம்பி. கணவன் குண்டு, மனைவி ஒல்லி என்றால் அந்த வண்டியைத் தேடி ஏறுங்கள்!

2010-ல் ஆர்லாண்டோவில் ஹாரி பாட்டர் ராட்டினம் திறந்தது. ரோபோ கை ஒன்று நாலு பேரைப் பெஞ்சோடு தூக்கிச் சுழற்றும்! உலகமே வரிசையில் நின்றது. மணிக்கணக்கில் நின்றவர்களில் பலருக்குப் பூட்டு விழவில்லை! அதே ஆண்டு ஓர இருக்கைகளைப் பெரிய உடம்புக்குத் தோதாக மாற்றிவிட்டார்கள். நாலில் இரண்டு! வாசலிலேயே ஒரு மாதிரி இருக்கையும் உண்டு. உட்கார்ந்து பூட்டிப் பாருங்கள், விழுந்தால் வரிசைக்குப் போங்கள். இந்த ஒரு நாற்காலியை உலகத்துப் பூங்கா எல்லாவற்றிலும் ராட்டின வாசலில் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி!

கெண்டைக்கால் பெரிதாக இருந்தால் அவதாரில் இடமில்லை! டிஸ்னியில் 2017-ல் வந்த 'அவதார்' ராட்டினம் பைக் ஓட்டுவதுபோல் உட்காரும் ரகம். பின்னாலிருந்து ஒரு தடுப்பு வந்து காலைப் பிடிக்கும். ஆக, உருண்டு திரண்ட கால் கொண்ட ஓட்டப்பந்தய வீரரும் மாட்டலாம்! தொப்பை மாமா தப்பலாம்!

அதே டிஸ்னி 2023-ல் 'டிரான்' என்று இன்னொரு பைக் ராட்டினம் திறந்தது. இந்த முறை முன்யோசனை! குனிந்து உட்கார முடியாதவர்களுக்காக ரயிலின் கடைசியில் சாதாரண நாற்காலி!

படகே மாறிய கதை தெரியுமா? டிஸ்னிலாந்தில் 1966-லிருந்து பொம்மைகளுக்கு நடுவே மிதந்து போகும் படகுப் பயணம். 2008-ல் மூடினார்கள். ஆட்கள் குண்டாகிப் படகு தரைதட்டுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அதெல்லாம் இல்லை என்றது டிஸ்னி. அதே ஆண்டு கடைசியில் மறுபடி திறந்தபோது படகு புதுசு! யாரை நம்புவது என்பது உங்கள் இஷ்டம்!

சிங்கப்பூர் போகும் திட்டம் உண்டா? செந்தோசா யுனிவர்சலில் இரட்டை ரோலர் கோஸ்டர். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 2013-ல் நிறுத்தி 2015-ல் மறுபடி விட்டபோது ஒரு வரிசைக்கு நாலு இருக்கை போய் இரண்டே ஆனது!

சென்னைக்கும் வந்தாச்சு! திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. அங்கே 'தஞ்சோரா' என்று ஒரு ராட்டினம். தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில்! செய்தது சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம். இந்தக் கம்பெனியின் இந்த ரக வண்டிகளில் பூட்டு தோள்மேல் இறங்கும். அதனால் தொப்பையைவிட மார்பளவுதான் கணக்கு! வெளிநாட்டில் இவர்களின் பல வண்டிகளில் குறிப்பிட்ட வரிசைகளில் மட்டும் பெரிய இருக்கை வைத்து இரட்டை பெல்ட் போட்டிருக்கிறார்கள். எந்த வரிசை என்று ஊழியரைக் கேட்டால் காட்டுவார். கூச்சப்படாமல் கேளுங்கள்!

ஆள் ஏறும் முன்னால் ரோலர் கோஸ்டரில் யார் போவது? தண்ணீர் மனிதர்கள்! ஆள் வடிவ பிளாஸ்டிக் பொம்மையில் தண்ணீர் நிரப்பி நாள் கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் எல்லாப் பொம்மையும் ஒரே அளவு! ஒருத்தருக்கும் தொப்பை கிடையாது!

பூட்டு விஷயத்தில் மட்டும் அடம் பிடிக்காதீர்கள். 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில் 430 அடி உயரக் கோபுர ராட்டினத்திலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த ராட்டினத்தின் எடை வரம்பு சுமார் 130 கிலோ. பையன் அதைவிட அதிகம். பூட்டு முழுதாக இறங்காமலே வண்டி கிளம்பும்படி அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கோபுரத்தைப் பிரித்துவிட்டார்கள். 'அமுக்குப்பா, விழுந்திடும்' என்று கூட வந்தவர்கள் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பூட்டை 'கிளிக்' என்று விழவைக்கும் வித்தை? முதலில் பாக்கெட்டைக் காலி பண்ணுங்கள்! போன், பர்ஸ், சாவிக்கொத்து மூன்றும் சேர்ந்து இரண்டு பல்லைத் தின்றுவிடும்! முதுகு இருக்கையில் ஒட்டும்வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். பிறகு கம்பியை இழுங்கள். பிரியாணி? ராட்டினம் முடிந்த பிறகு! 1957-லிருந்து இருக்கிற தலப்பாக்கட்டி ஒரு மணி நேரத்தில் எங்கும் ஓடிவிடாது!

ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது 4 ஜி! சிம் கார்டு இல்லை, புவியீர்ப்பு! அந்த நொடியில் 100 கிலோ ஆள் இருக்கையை அழுத்துவது 400 கிலோ! பக்கத்தில் இருக்கும் 50 கிலோ ஒல்லியும் 200! மேட்டைத் தாண்டும்போது? இரண்டு பேரும் 0!

தண்ணீர்ப் பூங்காவில் கதை வேறு. மடிக்கம்பியே கிடையாது, பலகையில் எழுதிய எடைதான் சட்டம்! அமெரிக்கச் சறுக்குகளில் அடிக்கடி தென்படும் எண் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. ஆர்லாண்டோவில் 2017-ல் வந்த ஒரு சறுக்கில் நின்றபடியே இருப்பீர்கள், காலுக்கடியில் கதவு திறக்கும், 125 அடி கீழே! அங்கேயும் அதே 136!

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் போனால் பரவையில் 'அதிசயம்' தண்ணீர்ப் பூங்கா. பரவை முனியம்மா ஊர்தான்! தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்தித் துணிக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம், நைலான் உடைதான் வேண்டும். உங்கள் அளவு வாடகைக்குக் கிடைக்குமா என்று கவுன்ட்டரில் சண்டை போடுவதைவிட வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்!

கடைசியாக ஒன்று! சறுக்கில் கனமானவர்தான் பெரும்பாலும் வேகமாகப் போவார்! காற்றின் தடை பாரத்துக்குத் தகுந்தபடி கூடாது, ஆனால் கீழே இழுக்கும் விசை கூடும். ஆள் நிறைந்த ரோலர் கோஸ்டர் காலி வண்டியைவிட வேகமாக ஓடுவதும் இதனால்தான்! பக்கத்துப் பக்கத்துச் சறுக்கில் மச்சானும் மாப்பிள்ளையும் மோதினால், பந்தயத்தைக் கனமான பக்கம் கட்டுங்கள்!