சுனைக்குள் கிடந்த செய்வினை

1999-ல் ரோம் நகரின் வடபகுதியில், எவுக்லீதே சதுக்கத்துக்கு அருகே, தரைக்கு அடியில் வாகன நிறுத்தம் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய சுனைத் தொட்டி வெளிப்பட்டது. அதன் கல்வெட்டுகளில் இருந்த பெயர், அன்னா பெரென்னா.

யூப்பிட்டர், வீனஸ் வரிசையில் வைக்கத்தக்க பெரிய தெய்வம் அல்ல அவள். எளிய மக்களின் தெய்வம். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் பிறந்தது. அதையொட்டி மார்ச் 15 அன்று அவளுக்குத் திருவிழா. கவிஞர் ஓவிட் தம் ‘ஃபாஸ்டி’ நூலில் அந்த நாளை விவரிக்கிறார்: டைபர் நதிக்கரைப் புல்வெளியில் ஆணும் பெண்ணுமாக மக்கள் கூடுவார்கள். கிளைகளை ஒடித்துக் குடில் போடுவார்கள். சிலர் நாணல் நட்டு, மேலாடையையே கூரையாக விரிப்பார்கள். எத்தனை ஆண்டு வாழ ஆசையோ அத்தனை கிண்ணம் மது! இரவு வீடு திரும்பும்போது குடித்த கிழவி, குடித்த கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவாள்.



யார் இந்த அன்னா பெரென்னா? கார்த்தேஜ் அரசி டைடோவின் சகோதரி என்று ஒரு கதை. ஓவிட் சொல்லும் இன்னொரு கதைதான் மனதைத் தொடுகிறது. உரிமை கேட்டு நகரை விட்டு வெளியேறிய சாமானியர்கள் மலையில் பட்டினி கிடந்தபோது, பொவில்லே ஊர்க் கிழவி ஒருத்தி தினமும் விடியற்காலையில் சுடச்சுடப் பலகாரம் கொண்டுவந்து பசியாற்றினாளாம். சோறிட்டவளைத் தெய்வமாக்கியதில் வியப்பென்ன!

சுனைக்குள் கிடைத்தவையோ வேறு கதை பேசின. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள், அகல் விளக்குகள், ஒரு செம்புக் கொப்பரை, சாபம் எழுதிச் சுருட்டிய ஈயத் தகடுகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்த ஈயக் குப்பிகளுக்குள் மனித உருவில் சிறு பாவைகள். பெரும்பாலும் ரோமப் பேரரசின் பிற்காலத்தவை. கொண்டாட்டத்துக்குப் பெயர்போன இடத்துக்கே, வெளியில் சொல்ல முடியாத ஆத்திரத்தோடும் மக்கள் வந்திருக்கிறார்கள். ஓவிட்டின் பாட்டில் இந்தப் பக்கம் இல்லை.

இப்பொருட்கள் ரோமின் டயோக்ளீஷியன் குளியல்மண்டப அருங்காட்சியகத்தில் உள்ளன. தகடுகளில் ஒன்று, சூரா என்ற நடுவரைச் சபிக்கிறது. அவருடைய வலக்கண்ணும் இடக்கண்ணும் போக வேண்டும் என்பதே கோரிக்கை. வழக்கில் தோற்றவர் யாரோ எழுதியிருக்க வேண்டும்.